நல்ல புத்தி

வியாழக்கிழமைகளில் மயிலம்மாள் மோகனூருக்கு வருவாள். சேலத்தில் ஏறி, நாமக்கல்லில் பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். ஆற்றுக்குப் போகிற தெருவில் பஞ்சாயத்துக்காரர்கள் உரமூட்டை அடுக்கிவைத்திருந்த கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு மண்பானை. ஊர்க்காரர்கள் அவளை டாக்டரம்மா என்றார்கள். ஊசி போடமாட்டாள், மாத்திரை தரமாட்டாள், பேசத்தான் செய்வாள் என்பது தெரிந்தபிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மெட்ராஸில் மனோதத்துவம் படித்துவிட்டு, பெங்களூரில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவள். எழுபத்திரண்டில் சேலத்துக்கு வந்து, ஃபேர்லேண்ட்ஸில் டாக்டர் அருணகிரி நடத்துகிற மனநல நிலையத்தில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. திங்கட்கிழமை நெசவுக்காரத் தெருக்கள், புதன்கிழமை அயோத்தியாப்பட்டணம், வியாழக்கிழமை மோகனூர், மாசத்துக்கு ஒரு தடவை கொல்லிமலை. நெசவுத் தெருவில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற பெண் ஒருத்தியைத் தமிழில் விசாரித்தால், "ஒண்ணுமில்லைங்க" என்பாள். அதையே கன்னடத்தில் கேட்டால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள். அடுத்த தெருவில் தெலுங்கு, அதற்கடுத்த தெருவில் சௌராஷ்டிரம். மலைக்குப் போனால் தலைவலி என்றுகூடச் சொல்லமாட்டார்கள், சாமி கோபித்துக்கொண்டது என்பார்கள். அந்தந்த வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்துதான் அந்தந்த வீட்டுத் துக்கத்தைத் தொட முடியும் என்று மயிலம்மாள் கற்றுக்கொண்டிருந்தாள். எல்லாப் பாஷையிலும் அவளுக்குப் பொறுமை இருந்தது. மோகனூர்ப் பேச்சு காதில் விழுந்தால்தான் பொறுமை போய்விடும். அவள் பிறந்த ஊர் ஆற்றோரத்தில் அங்கிருந்து மூன்று மைல்.

எண்பத்துநாலாம் வருஷம், தை மாசம். கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வண்டிகள் மில்லுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இருபது வயசுப் பையன் ஒருவன் வந்து, உட்காராமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சட்டை, கையில் புது வாட்ச்.

"எங்கய்யனுக்குங்க. புத்தி பெரண்டு போச்சுங்க."

"உக்காருங்க. பேரு?"

"ராசப்பனுங்க."

"அய்யன் என்ன பண்றாருங்க?"

"ஆளெக் கண்டா அடிக்கறாருங்க. தோட்டம் பாக்க வந்த புரோக்கரெ மம்பட்டிக் காம்புல போட்டு மண்டையப் பொளந்துட்டாரு. தனியாப் பேசறாரு. சோத்து வட்டலத் தூக்கி எறியறாரு."

"தோட்டம் பார்க்க புரோக்கர் எதுக்கு வந்தாரு?"

அவன் தயங்கினான். "நானும் என்ற கூட்டாளியும் ரிக்கு வண்டி எடுக்கலாம்னு இருக்கறமுங்க. போர் போடற ரிக்கு. திருச்செங்கோட்டுக்காரனெல்லாம் ஆந்திராவுக்கு ஓட்டிக்கிட்டுப் போயி ஊடு மேல ஊடு கட்றானுங்க. ஆத்தோரத்து நெலத்தெக் குடுத்தா எங்க பங்குக்கு ஆகும். அய்யன் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. வக்கீலெக் கேட்டமுங்க. புத்தி சரியில்லீன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தா, கோர்ட்டுல சொல்லி நெலத்தெ நானே பாத்துக்கலாமுன்னாரு."

ஒளிக்காமல் சொன்னான். அவனுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

"அய்யன் பேரென்ன?"

"அப்புசாமிங்க. மேக்காலத் தோட்டத்து அப்புசாமின்னா எல்லாருக்கும் தெரியுங்க."

மயிலம்மாளின் பேனா தாளில் நின்றுவிட்டது. "இப்ப எங்கே இருக்காரு?"

"ஆலக்கொட்டாயிலங்க. கட்டிப் போட்டிருக்கறம்."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ஆலைக்கொட்டகையில் அவளுடைய அக்கா சென்னியம்மாளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். சென்னியம்மாளின் புருஷன்தான் அப்புசாமி. முதல் குழந்தை பிறந்த ஏழாம் நாளே செத்துப்போக, அவள் சாப்பிடாமல், தூங்காமல், கரும்புக்காட்டு வரப்பில் உட்கார்ந்து துணிமூட்டையை மடியில் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். அப்புசாமி ஒரு மாசம் பார்த்தான். பைத்தியம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, மாட்டுச் சங்கிலியை அவள் காலில் போட்டுக் கொட்டகைத் தூணோடு பிணைத்தான். இந்தப்பக்கம் மில் வருவதற்கு முன்னால் அந்தக் கொட்டகையில்தான் கரும்பை ஆட்டி வெல்லம் காய்ச்சுவார்கள். கொப்பரையைச் சுற்றி நின்று பாகு கிண்டியவர்கள் அத்தனை பேரும் மூலையில் கிடந்தவளைப் பார்த்தார்கள். சிலர் சூடான பாகை ஓலையில் எடுத்துப்போய் நாய்க்கு வைப்பதுபோல எட்ட வைத்தார்கள். அப்போது மயிலம்மாளுக்குப் பதினாறு வயசு. ஞாயிற்றுக்கிழமைதோறும் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய் ஊட்டிவிட்டு வருவாள். அப்பா பச்சமுத்து, பொண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் எப்படிக் கேட்பது என்று கடைசிவரைக்கும் கேட்கவே இல்லை. அப்புசாமி இரண்டாவதாகப் பாப்பாயியைக் கட்டி, ஒரு பையனும் பிறந்தபிறகு, சென்னியம்மாளை வைக்கோல் வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தான். "உங்க பண்டத்தெ எறக்கிக்கங்க" என்று வண்டிக்காரன் வாசலில் வந்து சொன்னான்.

அந்தப் பையன்தான் இப்போது அவள் எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க, பார்க்கலாம்" என்று எழுந்தாள்.

கொட்டகை அப்படியேதான் இருந்தது. கொப்பரை வைத்த குழி மட்டும் தூர்ந்துபோய், உரமூட்டையும் மருந்தடிக்கிற மிஷினும் அடைத்துக் கிடந்தன. பாப்பாயி வட்டலில் களியும் கொள்ளுப் பருப்பும் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். தூணுக்குக் கீழே, காலில் சங்கிலியோடு, அப்புசாமி குத்தவைத்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு மட்டும் இன்னும் மம்பட்டி பிடிக்கிற உடம்புதான்.

மயிலம்மாள் மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கவிழ்த்துவைத்த ஒரு கூடையின்மேல் உட்கார்ந்தாள்.

"நீ ஆரு சாமி? டாக்டரா?"

"டாக்டருகிட்ட வேலை செய்யறவங்க. இன்னைக்கு என்ன கெழமைங்க?"

"வெசாளன். நீ எதுக்கு இதெக் கேக்கறீன்னு எனக்குத் தெரியுது. கேளு."

கேட்டாள். வாய்க்காலில் தண்ணீர் எப்போது முறை, எந்த மாடு கறவையில் இருக்கிறது, கரும்பு எத்தனாம் மாசம், நாமக்கல்லுக்கு எத்தனை மைல். ஒன்றுக்கும் அவன் தடுமாறவில்லை.

"புரோக்கரெ ஏன் அடிச்சீங்க?"

"என்ற தோட்டத்துல என்னெக் கேக்காம காலடி வெச்சு அளந்தான். அடிச்சேன். மறுக்கா வந்தாலும் அடிப்பேன்."

"தனியாப் பேசறீங்களாமே?"

"பெத்த பையன் மொகங்குடுத்துப் பேசறதில்லெ. வேற ஆருகிட்டப் பேசறது?"

இவ்வளவு தெளிவான ஆளை அவள் அந்த மாசத்தில் பார்த்ததில்லை. அவனுடைய கணுக்காலில் சங்கிலி உரசிய இடம் சிவந்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு வருத்தமாக இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும்போல இருந்தது.

"இந்தத் தூணுலதானே அக்காளெக் கட்டிப் போட்டிருந்தீங்க மச்சான். இன்னைக்கு என்ன கெழமைன்னு அவகிட்ட ஆராச்சுங் கேட்டீங்களா?"

அவன் நிமிர்ந்து, வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"மயிலாளா?"

"ஆமாங்க."

அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாளா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் எழுந்தபோதுதான், "மயிலு, நீ ஒரு வார்த்தெ சொன்னீன்னா அவுத்து உட்ருவானுங்க" என்றான்.

வெளியே வந்தாள். ராசப்பன் ஆவலாகப் பார்த்தான்.

"ஒருநாள்ல சொல்ல முடியாதுங்க. அடுத்த வியாழக்கிழமை வாரேன். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

பாப்பாயி களி வட்டலோடு அங்கேயே நின்றிருந்தாள். "அவருக்குப் புத்தி நல்லாத்தானுங்க இருக்குது" என்று மெதுவாகச் சொன்னாள். மயிலம்மாள் அது காதில் விழாததுபோலச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பசித்தது. கிளப்புக்கடையில் மூன்று தோசை வாங்கி, சட்னியை வழித்துச் சாப்பிட்டாள். இவ்வளவு ருசியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் செவ்வாய்க்கிழமைவரைக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பல் துலக்கும்போது, இப்போது அவனும் எழுந்திருப்பான், சங்கிலி எட்டுகிற தூரத்தில்தான் ஒதுங்கவேண்டும் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மழைத்தூறல் விழுந்தபோது, கொட்டகையின் மேற்குமூலை ஒழுகும் என்று நினைத்தாள். அது அவளுக்குத் தெரிந்த ஒழுக்கல்தான். அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

புதன்கிழமை அயோத்தியாப்பட்டணத்தில் லாரி டிரைவர் ஒருவருடைய வீட்டுக்குப் போனாள். பிள்ளை பெற்று நாற்பது நாளான அவர் பெண்டாட்டியைக் கட்டிலோடு சேலையால் கட்டிவைத்திருந்தார்கள். மாமியார் வாசலிலேயே மறித்து விவரம் சொல்ல ஆரம்பித்தாள்.

"முதல்ல அவுத்து விடுங்க. கட்டிப்போட்டு வெச்ச ஊட்டுல நான் உக்காந்து பேசறதில்லீங்க" என்றாள் மயிலம்மாள். இதைப் பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ வீட்டு வாசல்களில் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. அந்தப் பெண்ணின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே ஒருமணி நேரம் பேசினாள். மாத்திரைக்கு டாக்டரிடம் அனுப்பினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

நிலையத்துக்குப் பின்புறம் இரண்டு அறை வீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். சென்னியம்மாளுக்கு நாற்பத்துநாலு வயசு. நிலையத்துச் சமையல் முழுக்க அவள் கையில்தான். அதிகம் பேசமாட்டாள். சாயங்காலம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் விட்டு இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். மயிலம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சென்னியம்மாள் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போயி ஆறு நாளாச்சா?"

"ஆமாக்கா."

"கட்டோடயே கெடக்கறானா?"

"நாந்தான் இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன்."

"நாளைக்கு என்ன எழுதப் போற?"

"பைத்தியம்னுதான் எழுதலாம்னு இருக்கேன். நான் எழுதறதெப் பாத்துத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவாரு. நெலமும் போகட்டும், மானமும் போகட்டும். உனக்குப் பண்ணுனது அவனுக்கும் நடக்கட்டும்."

"எனக்காகவா பண்ற?"

"வேற ஆருக்காக?"

"அப்பறம் என்னெய ஏங் கேக்கல? கேக்கறதுதானே உன்ற வேலெ. கன்னடக்காரிகிட்டக் கேக்கற, மலைக்காரங்கிட்டக் கேக்கற. கூடவே கெடக்கற எங்கிட்ட ஒருநாளு கேட்டியா, அக்கா உனக்கு என்ன வேணுமுன்னு?"

சென்னியம்மாள் சோற்றை மூடிவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அவனெப் பைத்தியம்னு எழுதுனீன்னா, பண்ணுனதெல்லாம் பைத்தியம் பண்ணுனதாப் போயிரும். பாவம், அப்ப இருந்தே அவனுக்கு அப்பிடின்னு ஊர்ல பேசிக்குவாங்க. அவன் தப்பிச்சுக்குவான். எனக்கு அது ஆகாது. அவனுக்கு நல்ல புத்தின்னு எழுது. நல்ல புத்தியோட பண்ணுனான்னு நாலு பேருக்கு முன்னால அவன் வாயால வரோணும். நாளைக்கு நானும் வாரேன்."

"அந்த ஊருக்கா?"

"சோறு திங்க வா" என்றாள் சென்னியம்மாள்.

மறுநாள் ராசப்பன் தயாராக இருந்தான். வக்கீல் குமாஸ்தா ஒருவரையும், சாட்சிக்கு ஊர்ப் பெரியவர் சென்னிமலையையும், இன்னும் ஏழெட்டுப் பேரையும் கொட்டகைக்குக் கூட்டிவந்திருந்தான். தாடியோடும் அழுக்கு வேட்டியோடும் அப்புசாமி தூணில் சாய்ந்திருந்தான். ஒரு வாரத்தில் கால் புண்ணாகிவிட்டிருந்தது. யாரோ அதில் மஞ்சள் அப்பியிருந்தார்கள்.

மயிலம்மாள் தாளை எடுத்து உரக்கப் படித்தாள். இவருக்கு மனநோய் எதுவும் இல்லை. நாள், இடம், ஆள் எல்லாம் தெரிகிறது. தான் செய்வது என்ன என்று தெரிந்தே செய்கிறார். சொத்தைப் பார்த்துக்கொள்ள வல்லவர்.

ராசப்பனின் முகம் கறுத்தது. "என்னங்க இது? போன வாரம் ஒண்ணு சொன்னீங்க."

"போன வாரமே தெரியுங்க. போன வாரமே அவுக்கச் சொல்லியிருக்கோணும். சொல்லாதது என்ற தப்பு" என்றாள் அவள். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சென்னியம்மாள் உள்ளே வந்தாள். முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கரைவைத்த பச்சைச் சேலை, வாரி முடிந்த தலை, கையில் குடை. கூட்டத்தைத் தாண்டிப்போய்த் தூணுக்கு முன்னால் நின்றாள். அப்புசாமி கண்டுகொண்டான். எழுந்திருக்கப் பார்த்தான், சங்கிலி இழுத்தது.

"சென்னிமலையண்ணா" என்று திரும்பாமலே கூப்பிட்டாள். "நீங்க அப்ப இங்க பாகு கிண்டிக்கிட்டு இருந்தீங்க. நான் அந்த மூலையில கெடந்தேன். நாபகம் இருக்குதுங்களா?"

சென்னிமலை துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க" என்றாள் அப்புசாமியைப் பார்த்து. புருஷனைக் கூப்பிடுகிற அந்தக் காலத்து அதே வார்த்தைதான், குரல் மட்டும் வேறு. "அப்ப எனக்குப் பைத்தியமா?"

வெளியே கரும்பு வண்டி ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க. உங்களுக்கு நல்ல புத்தீன்னு இப்பத்தான் படிச்சாங்க. நல்ல புத்தியோட சொல்லுங்க."

"இல்லெ" என்றான்.

"பொறவு?"

"கொழந்தெ செத்துப்போச்சுன்னு அழுதெ. நாளெல்லாம் அழுதெ. எனக்குக் கேக்கப் பொறுக்கல. வேற கட்டிக்கோணுமுன்னு மனசுல இருந்துது. பைத்தியமுன்னு சொன்னா ஆரும் நாயங் கேக்க மாட்டாங்கன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "கேக்கவும் இல்லெ" என்றான்.

கூட்டத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

பாப்பாயி கதவோரம் நின்றிருந்தாள். முதல் பெண்டாட்டி பிறவிப் பைத்தியம் என்று சொல்லித்தான் அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். இருபது வருஷம் அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள். மகன் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. குனிந்து பூட்டைத் திறந்து, சங்கிலியை அப்படியே போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

சென்னியம்மாள் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

அந்த ஏழு நாள் சமாசாரத்தை மயிலம்மாள் தன் கையாலேயே கேஸ் நோட்டில் எழுதி, டாக்டர் அருணகிரியின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"வேறொருத்தர் இதைச் செய்திருந்தால் என்ன செய்யச் சொல்லுவீங்க?"

"வேலையை விட்டு அனுப்பச் சொல்லுவேன் சார்."

"அனுப்பிட்டு இந்தத் தெருக்களுக்கு நான் யாரைத் தேடறது? மோகனூருக்கு மட்டும் இனிமேல் நீங்க போகவேண்டாம்."

சரி என்றாள். அந்த வியாழக்கிழமைகளை அவர் கொல்லிமலைக்கு மாற்றிக்கொடுத்தார். செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தனியாக இருக்கும்போது அந்த வாரத்தை நினைத்தால் மனசுக்குள் ஏதோ ஒன்று இன்னும் திருப்தியாகத் தலையாட்டியது. அதை அவள் நோட்டில் எழுதவில்லை.

ராசப்பன் அந்த மாசமே வேறொருவர் ரிக்கு வண்டியில் வேலைக்குச் சேர்ந்து ஆந்திராவுக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது.

அடுத்த வருஷம் மாசி மாசம், நெசவுத் தெருக்காரர்களும் மலைக்காரர்களுமாக ஃபேர்லேண்ட்ஸ் நிலையத்துத் தாழ்வாரம் நிறைந்திருந்த ஒரு காலையில், மஞ்சள் பையோடு அப்புசாமி வந்தான். பத்து வயசு கூடினவனாகத் தெரிந்தான். மயிலம்மாள் நாற்காலியைக் காட்டினாள்.

"பாப்பாயி பேசறதில்லெ சாமி. அன்னைக்கிருந்தே. சோத்தெ வெச்சுட்டுப் போயிருவா. டீக்கடையில போயி உக்காந்தா, இருக்கறவன் எந்திரிச்சுப் போறான். நோம்பிக்குக் கூப்பிடறதில்லெ. பையன் காயிதம் போடறதில்லெ."

"தூக்கம் வருதுங்களா?"

"எங்க வருது?"

"பசி?"

இல்லை என்று கையை ஆட்டினான். அவள் எழுதிக்கொண்டாள். இப்போதுதான் உண்மையாகவே அவனுக்கு நோவு ஆரம்பித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவன் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "ஒரு சீட்டு எழுதிக் குடு மயிலு. அந்தக் காலத்துல எனக்கே புத்தி சரியில்லாம இருந்துதுன்னு. டாக்டரு கையெழுத்தோட. பாப்பாயிகிட்டக் காட்டோணும், ஊர்ல நாலு பேருகிட்டக் காட்டோணும். அதிருந்தா மறுபடியும் மனுசனாட்ட நடமாடுவேன்."

மயிலம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு அவன் ஐம்பது மைல் பஸ் ஏறி வந்திருக்கிறான்.

"தூக்கத்துக்கும் பசிக்கும் டாக்டர் மாத்திரை தருவாரு. வாரா வாரம் வந்தீங்கன்னா நான் உக்காந்து பேசறேன். அது என்ற வேலெ. நீங்க கேக்கற சீட்டு மட்டும் இங்க கெடைக்காதுங்க. அப்பவும் உங்களுக்கு நல்ல புத்திதான் மச்சான்."

டாக்டருக்கு எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒருபக்கம் கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, மறுபக்கம் கம்பளி போர்த்திய மலைக்காரர். வைத்தியம் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே மதியச் சோறு உண்டு. நேரமானதும் சென்னியம்மாள் குண்டாவைத் தூக்கிக்கொண்டு பெஞ்சோரமாகவே வந்தாள். கிழவிக்குப் போட்டாள். அடுத்தாற்போல் நீட்டியிருந்த வட்டலில் அதே அளவு போட்டாள்.

"சென்னியம்மா" என்றான் அவன்.

அவள் அவனைப் பார்த்தாள். அளவு சரியாக இருக்கிறதா என்று வட்டலையும் பார்த்தாள்.

"பத்தலீன்னாக் கேட்டு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு மலைக்காரரிடம் போனாள்.